வியர்வை கொட்டினால் ஆபத்தில்லையா?

கேள்வி: தக்கலை அருகே கட்டட வேலை பார்க்கும் என் கணவருக்கு வயது 46. வெயிலில் கான்கிரீட் போட்ட நாட்களில் கெண்டைக்கால் பிடிப்பு, தலைச்சுற்றல், குமட்டல். "வியர்க்கிறதல்லவா, பயமில்லை" என்கிறார் மேஸ்திரி. எப்போது பயப்பட வேண்டும்?

பதில்: மேஸ்திரியின் வைத்தியத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதியிருப்பவை உப்பும் நீரும் இறங்கியதன் அறிகுறிகள். நிழலில் படுத்து, உப்பிட்ட கஞ்சித்தண்ணீரோ மோரோ குடித்து அரை மணி நேரத்தில் தெளிந்தால் சரி. அன்று மறுபடி வேலைக்கு ஏறக் கூடாது.

பயப்பட வேண்டியது புத்தி தடுமாறும்போது. பேச்சு குழறுகிறதா, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வருகிறதா, தள்ளாடுகிறாரா, காரணமின்றிச் சீறுகிறாரா? அது ஹீட் ஸ்ட்ரோக், அதாவது உயிருக்கே ஆபத்தான வெப்பத் தாக்கு. உடனே 108. வண்டி வரும்வரை சட்டையைக் கழற்றி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது.

வியர்வையை நம்பவே நம்பாதீர்கள். வீட்டில் முடங்கிய முதியவருக்குத் தோல் வறண்டுவிடும். உழைப்பவருக்கோ உடல் வெப்பம் 104 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டியும் வியர்வை வழியலாம். வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். நம் கடலோர ஈரக்காற்றில் அது வழிகிறதே தவிர உலர்வதில்லை.

அடுத்தது, "ஒரு குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகிவிடும்" என்று மருந்துக்கடைப் பின்னறையில் கட்டில் போட்டிருக்கும் வியாபாரிகள். வெறும் குளுக்கோஸ் பாட்டிலில் உப்பே கிடையாது. அங்கே கழியும் ஒரு மணி நேரம்தான் மூளையையும் சிறுநீரகத்தையும் காப்பாற்ற வேண்டிய நேரம். ஓ.ஆர்.எஸ். (நீரிழப்புக்குக் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) என்ற பெயரில் விற்ற இனிப்புப் பானங்களையும் நம்ப முடியாது. அந்தப் பெயரைத் தடுக்க உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு 2025 அக்டோபர் வரை ஆகியிருக்கிறது! உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று அச்சிட்ட பொட்டலத்தை வாங்கி, அதில் சொன்ன அளவு தண்ணீரில் கரையுங்கள்.

வெப்ப அலையைத் தமிழக அரசு 2024-ல் மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. ஆனால் கடலோரத்தில் வெப்ப அலை என்று சொல்லவே 37 டிகிரி செல்சியஸாவது வேண்டும். 34 டிகிரியில் புழுங்கிச் சுருள்பவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அதனால் மருத்துவமனையில் சேர்த்ததும் உடல் வெப்பநிலையை அளந்து குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். உடல் குளிர்ந்த பிறகு அளந்தால் வெறும் காய்ச்சல் என்றே பதிவாகிவிடும்.