மார்ஃபினுக்குக் கடை கடையாக அலைய வேண்டாம்

கும்பகோணத்தில் அப்பா, எலும்புக்குப் பரவிய புற்றுநோய், டிரமடால் வலி மாத்திரைக்கு வலி கேட்கவில்லை, அதைவிட வலுவான வலி மருந்தான மார்ஃபின் மெடிக்கலில் இல்லை என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சாதாரணக் கடையில் பெரும்பாலும் கிடைக்காது. போதைப்பொருள் சட்டத்தின் 2014 திருத்தத்தின்படி அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள்தான் அதை வாங்கி வைத்துக் கொடுக்கின்றன.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' நர்ஸைக் கேளுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்ப்பதும் அந்தத் திட்டத்தில் உண்டு. கூடவே திருவனந்தபுரத்திலுள்ள, வலி தணிப்பு சிகிச்சைக்கான பாலியம் இந்தியா அறக்கட்டளைக்குப் போன் செய்தால், பக்கத்தில் அந்தச் சிகிச்சை தரும் மையம் எது என்று சொல்வார்கள். மையத்திடம் நேராகவே கேளுங்கள்: மார்ஃபின் இருப்பு உண்டா, எங்கள் தெரு வரை வருவீர்களா, ராத்திரி போன் எடுப்பீர்களா? டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், ஆதார் நகல் கையில் இருக்கட்டும். பயாப்ஸி தாள் இல்லாமல் போனால் வெறுங்கையோடு திரும்ப நேரலாம்.

மாத்திரை வந்தபின் சொதப்புவது பெரும்பாலும் மலச்சிக்கலில். மூன்று நாள் வெளிக்குப் போகவில்லை என்று வீட்டிலேயே மார்ஃபினை நிறுத்துவார்கள், வலி இரட்டிப்பாகத் திரும்பும். முதல் நாளே மலமிளக்கியும் எழுதி வாங்குங்கள். சாதா மார்ஃபின் மாத்திரை 4 மணி நேரத்துக்கு ஒரு வேளை. வலிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. இடையில் வலித்தால் எவ்வளவு கூடுதல் என்பதை டாக்டரிடமே சீட்டில் எழுதி வாங்குங்கள். 12 மணி நேர மாத்திரை தந்தால் பொடிக்கவே வேண்டாம், மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், மூச்சு மந்தம் என்றால் அடுத்த வேளை கொடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.