மகன் ஓய்வுநாளை ஆசரிக்கிறான். நான் என்ன செய்வது?

கேள்வி: நான் கணவரை இழந்தவள், சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள். திருநெல்வேலியில் வேலை பார்க்கும் என் ஒரே மகன் இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கிறான். பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளான பஸ்காவும் கூடாரப் பண்டிகையும் கொண்டாடுகிறான். இறால், நண்டு தொடுவதில்லை. அவற்றைச் சமைத்த பாத்திரம் என்று சொல்லி, என் வீட்டில் சோறு உண்பதையும் நிறுத்திவிட்டான். சென்ற கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. "ஞாயிறு ஆராதனை கான்ஸ்டன்டைன் மன்னன் புகுத்தியது. தோராவை, அதாவது மோசேயின் பிரமாணத்தை, கைக்கொள்ளாதவர்களுக்கு இரட்சிப்பு இல்லை" என்கிறான். எங்கள் சேகரகுருவிடம் கேட்டேன். "பழைய ஏற்பாடு முடிந்துபோன கதை, விடுங்கள்" என்றார். மகன் சொல்வது சரியா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் என்னை வருத்தியது ஓய்வுநாள் அல்ல. உங்கள் கையால் வடித்த சோற்றை மகன் ஒதுக்கியதுதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பழைய ஏற்பாடு முடிந்துபோன கதையல்ல. இயேசு எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்ற யூதர். பஸ்காவுக்கு எருசலேம் போனவர். பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் இருக்க வேண்டும் என்ற அவசரத்தில் பவுல் எபேசுவில் இறங்காமலே கப்பலில் கடந்துபோனார். உன்னைப்போல் பிறனையும் நேசி என்ற கட்டளை லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இவற்றையெல்லாம் தேடித் தேடி வாசிக்கும் பிள்ளையை "விடுங்கள்" என்ற ஒரு சொல்லால் அனுப்பிவிட முடியாது.

உங்கள் மகன் நம் மண்ணில் முதல் ஆளும் அல்ல. நான் நாசரேத் பக்கத்துக்காரன். அங்கே உபதேசியாராக இருந்த அருமைநாயகம் சட்டம்பிள்ளை, மிஷனரியோடு ஏற்பட்ட மோதலுக்குப் பிறகு பிரிந்துபோய், 1857இல் தனிச் சபை கண்டார். ஏக இரட்சகர் சபை என்று அதைச் சொல்வார்கள். வெள்ளைக்காரர் கொண்டுவந்த வழக்கங்கள் வேண்டாம், வேதத்தில் உள்ளபடியே தொழுவோம் என்று சனிக்கிழமை ஓய்வுநாளையும் பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளையும் அவர்கள் ஆசரித்தார்கள். பின்னாளில், சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் அட்வெண்டிஸ்ட் சபையின் மிஷனரிகள் நாசரேத்துக்கு அருகிலுள்ள பிரகாசபுரத்துக்கு வந்தபோது, அங்கே ஓய்வுநாள் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. என் பள்ளித் தோழன் ஒருவன் அந்தப் பரம்பரை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் பாதி ஆட்டத்தில் மட்டையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் அம்மா போடும் சோற்றை உண்பான். அவனை நான் ஒருநாளும் அந்நியனாக நினைத்ததில்லை.

இனி, தோராவைக் கைக்கொள்ளும் கடமை நமக்கு உண்டா என்ற கேள்வி. இல்லை என்றே உறுதியாகச் சொல்வேன். இதே வழக்கு முதல் நூற்றாண்டிலேயே எருசலேமில் விசாரிக்கப்பட்டது. அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தை மகனோடு சேர்ந்து வாசியுங்கள். விருத்தசேதனம் பெற்று மோசேயின் பிரமாணத்தைக் கைக்கொண்டால்தான் புறஜாதியாருக்கு இரட்சிப்பு என்று சிலர் வாதாடினார்கள். பேதுருவும் யாக்கோபும் அதை ஏற்கவில்லை. விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகிய நான்கையும் விலக்கச் சொன்னார்கள். ஓய்வுநாளும் பண்டிகைகளும் அந்தப் பட்டியலில் இல்லை. யூத ரபிகள் என்னும் வேத போதகர்களின் மரபும் தோராவின் 613 கட்டளைகளைப் பிற இனத்தார் தலையில் ஏற்றுவதில்லை. நோவாவின் சந்ததிக்கென ஏழு கட்டளைகளே போதும் என்கிறது. யூதரே நம்மிடம் கேட்காததை, அதுவும் இரட்சிப்புக்கு நிபந்தனையாக, உங்கள் மகன் எப்படிக் கேட்கலாம்? கலாத்தியருக்குப் பவுல் அத்தனை கோபத்தோடு எழுதியது இதற்காகத்தான்.

கான்ஸ்டன்டைன் விஷயத்தில் அவன் கேட்டது பாதிக் கதை. கி.பி. 321இல் அவர் ஞாயிற்றை அரசு ஓய்வுநாளாக்கியது உண்மை. ஆனால், அதற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே, கிறிஸ்தவர்கள் ஞாயிறுதோறும் கூடி வேதம் வாசித்து அப்பம் பிட்டதை யுஸ்தீன் என்ற இரத்தசாட்சி எழுதிவைத்திருக்கிறார்.

யுஸ்தீனின் காலத்தில் நடந்த இன்னொன்றையும் அவனுக்குச் சொல்லுங்கள். சிமிர்னாவின் முதிய ஆயர் பொலிகார்ப்பு ரோமாபுரிக்கு வந்தார். சிமிர்னா இருந்த சின்ன ஆசியாவின் சபைகள் யூதரைப் போல, நிசான் என்னும் யூத மாதத்தின் 14ஆம் நாளிலேயே பஸ்காவை ஆசரித்தன. ரோம் ஞாயிறுக்குக் காத்திருந்தது. ரோம ஆயர் அனிசேத்துவும் அவரும் பேசிப் பார்த்தார்கள். இருவரில் ஒருவரும் மாறவில்லை. ஆனாலும் சேர்ந்தே நற்கருணை கொண்டார்கள். அனிசேத்து தம் சபையிலேயே பொலிகார்ப்பை நற்கருணை நடத்தவைத்தார், சமாதானமாகப் பிரிந்தார்கள்.

இப்போது உங்கள் சோற்றுக்கு வருகிறேன். மகன் கூடாரப் பண்டிகை கொண்டாடுகிறான் அல்லவா? அதற்கான கட்டளை உபாகமம் 16ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. 14ஆம் வசனத்தை அவனே உங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டட்டும். பண்டிகையில் யார் யார் சந்தோஷப்பட வேண்டும் என்று கர்த்தர் பெயர் சொல்லி அழைக்கிறார்: மகன், மகள், வேலைக்காரர், லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, கடைசியாக விதவை. பெற்ற தாய் விதவையாகத் தனியே உட்கார்ந்து உண்ணும்போது, அந்த மகன் கொண்டாடுவது மோசே சொன்ன பண்டிகையே அல்ல. இதை நான் எழுதியதாகவே அவனிடம் காட்டுங்கள். நேரில் வந்தால் இன்னும் அழுத்தமாகச் சொல்வேன்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ரோமர் 14இல் பவுல், நாளை விசேஷிப்பவனையும் விசேஷிக்காதவனையும் ஒரே கர்த்தருக்குள் வைக்கிறார்; போஜனத்தினால் சகோதரனை வருத்தாதே என்கிறார். நீங்கள் தாய், இறங்கிவருவது உங்களுக்கு எளிது. புதிதாக ஒரு மண்சட்டி வாங்கி அவனுக்கென்று தனியே வையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை சூரியன் அடையும் முன் வந்துவிடச் சொல்லுங்கள். ஓய்வுநாளை உங்கள் வீட்டிலேயே ஆசரிக்கட்டும். தோரா அனுமதிக்கும், செதிலுள்ள மீனாகப் பார்த்து வாங்குங்கள். விளைமீன் கிடைத்தால் நல்லது. அவன் அறிந்த முறையில் அவனே ஜெபிக்கட்டும், நீங்கள் ஆமென் சொல்லுங்கள். ஞாயிறு காலை நீங்கள் கோயிலுக்குப் புறப்படும்போது, மணிச்சத்தம் கேட்கும் தூரம்வரை துணைக்கு வரும்படி அவனைக் கேளுங்கள். அவன் உள்ளே வராவிட்டாலும் பரவாயில்லை.