பதினெட்டு கிலோமீட்டர், ஒரு வருடம்

கேள்வி: வேலைக்குச் சைக்கிளில் போய்வருகிறவர்கள் இருக்கிறீர்களா? நம் நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் அது சரிப்படுமா? ஒரு வருடத்தில் உங்களுக்கு என்ன கிடைத்தது?

சரிப்படும். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தை ஒட்டிய குடியிருப்பில் இருக்கிறேன். டவுனில் ஓர் இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதும் வேலை. வீட்டுக்கும் கடைக்கும் ஒன்பது கிலோமீட்டர். போக வர பதினெட்டு. போன வருடம் 190 நாள் சைக்கிளில் போயிருக்கிறேன், மொத்தம் 3,420 கிலோமீட்டர். மற்ற நாட்களில் கார்தான்.

பணம் மிச்சமாகுமா என்று பலர் கேட்கிறார்கள். பெட்ரோல் லிட்டர் 2 வெள்ளி (ரிங்கிட்) 5 காசு விற்றபோது கணக்குப் போட்டேன், வருடத்துக்கு 600 வெள்ளிகூட வரவில்லை. பழைய சைக்கிளை 450 வெள்ளிக்கு வாங்கினேன். விளக்கு, மட்கார்டு, பம்பு எல்லாம் சேர்த்து இன்னொரு 180. முதல் வருடம் கைக்கு எதுவும் மிஞ்சவில்லை. பணத்துக்காக மட்டும் தொடங்கினால் மூன்றாம் மாதமே நிறுத்திவிடுவீர்கள்.

எனக்குக் கிடைத்தது அந்தச் சாலைதான். இருபது வருடம் அதே சாலையில் காரில் போயிருக்கிறேன், ஒன்றும் தெரியாது. காலை ஆறே முக்காலுக்குக் கிளம்புகிறேன். நம் பக்கம் ஏழு மணிக்கு மேல்தான் பொழுது விடிகிறது, அதனால் முதல் பாதி இருட்டு. எலி பிடிக்கச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் மரப்பெட்டி கட்டிக் கூகை வளர்க்கிறார்கள். விடியும் நேரத்தில் அது சத்தமே இல்லாமல் சாலையைக் கடந்து பெட்டிக்குத் திரும்பும். முதல் தடவை பார்த்தபோது சைக்கிளை நிறுத்திவிட்டேன். பிப்ரவரி, மார்ச்சில், மீதி இருக்கும் பால்மர (ரப்பர் மர) காட்டில் இலை எல்லாம் சிவந்து உதிரும். சக்கரம் அதன் மேல் போகும்போது வரும் சரசரப்பைக் கேட்டால் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போன ஞாபகம் வந்துவிடும். ஆகஸ்ட் வாக்கில் வெயில் ஏறினால் பால்மரக் கொட்டை டப் டப் என்று வெடிக்கும். கார்க் கண்ணாடிக்குள் இது எதுவும் கேட்காது.

என் மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "கார் இருக்கும்போது என்னப்பா சைக்கிள்? உங்க அப்பா பட்ட கஷ்டம் போதாதா?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போவதும் சைக்கிளில், காரியரில் பால் வாளிகளைக் கட்டி ஸ்டோருக்குக் கொண்டுபோவதும் சைக்கிளில், சாயந்திரம் என்னை டியூஷனுக்கு ஏற்றிப் போவதும் அதே சைக்கிளில். தோட்டத்து மக்களுக்குச் சைக்கிள் என்றால் இல்லாமை. மோட்டார் சைக்கிள் வாங்கி, அப்புறம் கார் வாங்கினால்தான் மேலே வந்ததாகக் கணக்கு. மாமாவிடம் நான் சொன்னது இதுதான்: நம்மைத் தூக்கிவிட்டதே அந்தச் சைக்கிள்தான், அதில் எனக்கு வெட்கம் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய நெடுஞ்சாலை வழியாகக் கோலகங்சார் வரை மிதித்தேன். அங்கே 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் மிஞ்சிய ஒரு மரம் இன்னும் நிற்கிறது. ரப்பர் கன்று வந்து பத்து வருடத்துக்கு மேல் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1888இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார், அதை அவர் முதலில் செய்தது தன் மகன் ஓட்டிய மூன்று சக்கர வண்டிக்காக. அடுத்த சில வருடங்களில் சைக்கிள் மோகம் உலகம் முழுக்கப் பரவி ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. கார் டயர் அதற்கும் பிறகு. அந்தக் கிராக்கிதான் மலாயாவில் காடழித்துத் தோட்டம் போட வைத்தது, நாமக்கல் பக்கத்திலிருந்து என் கொள்ளுத்தாத்தாவைக் கப்பல் ஏற வைத்தது. சைக்கிளை அந்த மரத்துக்கு எதிரே நிறுத்திவிட்டு வெகுநேரம் நின்றேன். இந்த ஊரில் நான் பிறந்ததற்கும் என் சைக்கிளின் அந்த டயருக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது என்று அதுவரை யோசித்ததே இல்லை.

உடம்புக்கு: போன வருடம் தொடங்கும்போது என் மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) 6.1 சதவீதம், இப்போது 5.6. சைக்கிள் மட்டும் காரணமில்லை, தே தாரிக்கில் (இழுத்து ஆற்றும் பால் தேநீரில்) சீனியையும் குறைத்தேன். நம்மவர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகம், அப்பா போனதும் அதில்தான். அதனால் இந்த எண் எனக்குப் பெரிய விஷயம்.

வெயிலைப் பற்றி: காலையில் வெயிலே இல்லை. வியர்வை உண்டு. இருபத்தைந்து நிமிடம் முன்னதாகப் போய், கடையின் பின்பக்கக் குழாயில் முகம் கை கழுவி, துண்டால் துடைத்துச் சட்டை மாற்றிக்கொள்கிறேன். தவுக்கே (கடை முதலாளி) முதலில் வினோதமாகப் பார்த்தார், இப்போது சட்டை மாட்ட அவரே ஓர் ஆணி அடித்துக் கொடுத்திருக்கிறார். மழை பெரும்பாலும் சாயந்திரம்தான். வீட்டுக்குப் போகும்போது நனைந்தால் என்ன, போய்க் குளித்துக்கொள்ளலாம். ஆனால் இடி மின்னலில் மட்டும் கிளம்பாதீர்கள். மரங்களுக்கு நடுவே திறந்த சாலையில் மாட்டிக்கொள்வது ஆபத்து. ஒருநாள் அவசரப்பட்டுக் கிளம்பி, பாதி வழியில் பக்கத்து வரிசை மரத்தில் இடி விழுந்தது. அன்றிலிருந்து எவ்வளவு நேரமானாலும் கடையிலேயே காத்திருக்கிறேன்.

செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள்தான் எனக்கு உண்மையான பயம். சாலை ஓரத்தை உரசிக்கொண்டு ஓட்டினால் இடித்துக்கொண்டு போகப் பார்ப்பார்கள். ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே ஓட்டுங்கள், அப்போதுதான் ஒதுங்கி முந்துவார்கள். பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும். நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

சாலையில் கிடக்கும் செம்பனை மட்டையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதன் முள் ஏறி இரண்டே மாதத்தில் ஐந்து பஞ்சர். தடித்த டயருக்கு மாறினேன், 35 மில்லிமீட்டர் அகலம். அதற்குப் பிறகு வருடம் முழுக்க ஒன்றே ஒன்று. மழையில் நனைந்த அன்றே செயினைத் துடைத்து எண்ணெய் விட்டுவிடுங்கள், மறுநாள் என்றால் துரு பிடித்துவிடும்.

இன்னொன்று, மனிதர்கள். பழைய லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இன்னும் நாலு குடும்பம் இருக்கிறது. காரில் போன காலத்தில் அங்கே யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. இப்போது ஒரு பாட்டி வாசலில் நின்று, "இன்னிக்கு லேட்டாயிடுச்சே ஐயா" என்பார். என் அப்பாவோடு ஒரே நிரையில் பால் வெட்டியவர், அவர் சொல்லித்தான் அப்பா வேலைக்காட்டில் பாட்டுப் பாடுவார் என்பதே எனக்குத் தெரியும். காரியரில் ஒரு கூடை கட்டிவிட்டேன். போகும்போது அவர் பறித்துக் கொடுக்கும் முருங்கைக்கீரை டவுன் காய்கறிக் கடைக்குப் போகிறது. வரும்போது அந்தக் காசும், அவருக்கு வெற்றிலை பாக்கும் வருகின்றன.