மாப்பிள்ளை பார்க்கப் போன கழுகு

கேள்வி: பாஸ்டனில் இருக்கும் எங்கள் மாப்பிள்ளை, 2022 ஜனவரியில் கொட்டும் குளிரில் மூன்று மணி நேரம் காரோட்டி, மெய்ன் மாநிலக் கடலோரத்துக்கு ஒரு கழுகைப் பார்க்கப் போனார். அங்கே பெருங்கூட்டமாம். இன்றும் அதே பேச்சு. அமெரிக்காவில் கழுகுக்கா பஞ்சம்?
– ஒரு மாமியார், கும்பகோணம்

பதில்: பஞ்சமில்லை. மெய்ன் கடலோரத்தில் வெண்தலைக் கழுகுகள் தாராளமாகவே உண்டு. அவற்றுக்காக யாரும் பெட்ரோலைச் செலவழிக்க மாட்டார்கள். மாப்பிள்ளை தேடிப் போனது ஸ்டெல்லர் கடற்கழுகை. ரஷ்யாவின் கம்சாட்கா, ஓகோட்ஸ்க் கடலோரம் ஆகியவைதான் அதற்குப் பிறந்த வீடு. குளிர்காலத்தில் ஒரு பகுதி ஜப்பானின் ஹொக்கைடோவுக்கு வரும். உலகம் முழுவதும் எண்ணினாலும் சில ஆயிரங்கள்தாம். பெண் கழுகு 9 கிலோ வரை எடை போடும். விரித்த சிறகின் அகலம் எட்டடி. மஞ்சள் அலகு ஒன்று போதும், பக்கத்தில் நிற்கும் வெண்தலைக் கழுகைக் குஞ்சு போலக் காட்டிவிடும்.

இந்த ஒற்றைக் கழுகு 2020 ஆகஸ்டில் அலாஸ்காவில் தென்பட்டது. 2021 மார்ச்சில் டெக்சாஸில் தென்பட்டதும் இதுவே என்று கருதுகிறார்கள். பிறகு கிழக்குக் கனடா, டிசம்பரில் மாசசூசெட்ஸின் டாண்டன் ஆறு. அதாவது உங்கள் மாப்பிள்ளையின் மாநிலத்துக்கே வந்து, சில நாளில் கிளம்பிவிட்டது! அவருடைய தவிப்பு இப்போது புரிகிறதா? மற்ற ஊர்களில் எடுத்த புகைப்படங்களை ஒப்பிட்டு, சிறகிலுள்ள வெள்ளைத் திட்டுகளை வைத்தே அதே பறவை என்று உறுதிசெய்தார்கள்.

மாத இறுதியில் அது போய் இறங்கிய மெய்னின் ஜார்ஜ்டவுன், சிங்கி இறால் பிடிப்பவர்களின் சிற்றூர். வெளியூர்க்காரர்கள் கோடையில்தான் அந்தப் பக்கம் போவார்கள். உறையாத கடல்நீர், மீன், கடல் வாத்து எல்லாம் அங்கே இருப்பதால் கழுகுக்குச் சாப்பாட்டுக் கவலையில்லை. கவலையெல்லாம் குறுகலான சாலையோரத்தில் காரை நிறுத்தி, முக்காலியில் தொலைநோக்கியை ஏற்றிவிட்டு, கைவிரல் மரத்துப்போக நின்றவர்களுக்குத்தான். நேற்று உட்கார்ந்த மரத்தில் இன்றும் உட்காரும் என்று கழுகு யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையே! நாள் முழுவதும் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பியவர்களும் உண்டு. மாப்பிள்ளை பார்த்தாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. மெதுவாகக் கேளுங்கள்; பார்க்கவில்லை என்றால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: அதே கழுகைப் பற்றி நானும் படித்தேன். துணையில்லாமல் அலைகிறதே, பிடித்துக்கொண்டு போய் ரஷ்யாவில் விட்டால் என்ன?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: அலாஸ்காவிலிருந்து அட்லாண்டிக் கடல் வரை பறந்த சிறகு அது. திரும்ப நினைத்தால் நம் தயவு தேவையில்லை. வலைவீசிக் கூண்டில் அடைத்தால், உதவி என்ற பெயரில் சிறகை ஒடித்துவிடவும் கூடும். மெய்னுக்குப் பிறகு அது கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலோரத்தில் பல பருவங்கள் தங்கிவிட்டது. டிரினிட்டி என்ற ஊரில் படகோட்டிகள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போய் அதைக் காட்டியதும் உண்டு.