மொட்டைமாடிப் பூட்டும் தண்ணீர் வால்வும்

கேள்வி: மதுரை திருப்பாலைப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில், சொந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. மொட்டைமாடியில் வற்றல் காயப்போட்டதற்குச் சங்கம் 2,000 ரூபாய் அபராதம் விதித்து, மாடியையும் பூட்டிவிட்டது. பால்கனிச் சுவர்மேல் பூந்தொட்டி வைக்கவும் தடை. கோபத்தில் இரண்டு மாதமாக மெயின்டனன்ஸ் கட்டவில்லை. போன வாரம் என் வீட்டுத் தண்ணீர் வால்வை மூடிவிட்டார்கள். என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் அந்த இரண்டு மாத மெயின்டனன்ஸைக் கட்டிவிடுங்கள். கோர்ட்டுக்குப் போனால் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது இந்தப் பாக்கிக் கணக்கைத்தான். சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி, 'மெயின்டனன்ஸ் மட்டும், அபராதத்துக்கு அல்ல' என்று கடிதமும் கொடுங்கள். எந்தக் கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டால் அந்தக் கடனில்தான் வரவு வைக்க வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59ஆம் பிரிவு.

அபராதம் வேறு விஷயம். அது எந்தத் துணைவிதியில் (சங்கத்தை நடத்த அது தனக்கென வகுத்துக்கொண்ட விதியில்) இருக்கிறது, எந்தப் பொதுக்குழுவில் நிறைவேறியது என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் சங்கம் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது என்றால், துணைவிதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம், அதாவது பொதுக்குழுவில் சாதாரணப் பெரும்பான்மையைவிடக் கூடுதல் ஆதரவோடு நிறைவேறும் தீர்மானம், வேண்டும். திருத்தத்தை மாவட்டப் பதிவாளரிடம் பதியவும் வேண்டும். செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் போட்ட அறிவிப்பு துணைவிதி ஆகாது. முறையாக வந்த விதி என்றால் நீங்களும் கட்டுப்பட்டவர்தான். அப்போதும் உங்கள் விளக்கத்தைக் கேட்காமல் தண்டம் போட்டது தவறு என்று வாதாடலாம்.

பூந்தொட்டி விஷயத்தில் நான் சங்கத்தின் பக்கம். மேலிருந்து ஒரு தொட்டி விழுந்தால் கீழே விளையாடும் குழந்தையின் கதி என்ன? இன்றைக்கே பால்கனித் தரையில் இறக்கி வையுங்கள்.

மொட்டைமாடிக்கு உங்கள் கிரையப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மாடியைத் தனியாக யாருக்கும் விற்காமல் பொதுப் பகுதியாகக் காட்டியிருந்தால் அதில் உங்களுக்கும் பிரிபடாத பாகம் உண்டு. இந்த மூலையில், இத்தனை மணிக்குள் காயப்போடுங்கள் என்று சங்கம் ஒழுங்கு வைக்கலாம். ஒரேயடியாகப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ள முடியாது.

தண்ணீர்தான் என் மனத்தை உறுத்துகிறது. பாக்கி இருந்தால் வசூல் வழக்குப் போடட்டும். வயதான பெண்மணியை இந்த வெயிலில் குடத்தோடு படியேற வைக்க எந்தச் செயலாளருக்கும் உரிமை இல்லை. மூடிய வால்வைத் தேதியோடு படம் எடுங்கள். லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். மூன்று நாளில் திறக்கும்படி வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். மசியாவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் துயர்தணிப்புச் சட்டத்தின் 38, 39 பிரிவுகளின்படி, தண்ணீரைத் தடுக்கக் கூடாது, மூடியதைத் திறக்க வேண்டும் என்று ஆணை கேட்டு வழக்குப் போட்டு, வால்வைத் திறக்க இடைக்கால உத்தரவும் கேட்கலாம். மே மாதம் கோர்ட்டுக்கு விடுமுறை என்று காத்திருக்காதீர்கள். அவசர மனுக்களை விடுமுறைக்கால நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மற்ற வீட்டுக்காரர்களுக்கும் இதே குறை இருந்தால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் கையெழுத்திட்டுச் சங்கத்தின்மீது விசாரணை கோரி மாவட்டப் பதிவாளரிடம் மனுக் கொடுக்கலாம். போகும்போது கிரையப்பத்திரம், துணைவிதி நகல், கட்டிய ரசீதுகள் மூன்றும் கையில் இருக்கட்டும்.