ஊரில் வாங்கிய போனில் மலேசியா சிம் ஓடுமா?

"ஊரில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன், இதுவரை ஜியோ சிம் போட்டிருந்தேன். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்திருக்கிறேன். இங்குள்ள சிம்மைப் போட்டால் எடுக்குமா, புதுப் போன் வாங்கணுமா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

எடுக்கும் தம்பி, காசை வீணாக்காதீர்கள். நம் ஊர்க் கடைகளில் விற்கும் சாதாரண ஆண்ட்ராய்டு போனுக்கு சிம் பூட்டு, அதாவது ஒரே கம்பெனி சிம் மட்டும் ஓடும்படியான கட்டுப்பாடு கிடையாது. ஜியோவே விற்ற பட்டன் போன் என்றால்தான் சிக்கல், அதில் வேறு சிம் ஓடாது. இங்கே 4ஜி பெரும்பாலும் 900, 1800, 2100, 2600 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் வருகிறது. முதல் மூன்றும் இந்தியாவிலும் புழக்கத்தில் இருப்பவை, அதனால் ஊர்ப் போனும் அவற்றைப் பிடிக்கும். தவணையில் வாங்கிய போனா? தவணை தவறினால் தூரத்திலிருந்தே போனை முடக்கும் ஆப்பைச் சில பைனான்ஸ்காரர்கள் போட்டு வைத்திருப்பார்கள். கடல் தாண்டி வந்தாலும் அது விடாது. வீட்டில் யாரையாவது ஒழுங்காகக் கட்டச் சொல்லுங்கள்.

உங்கள் தோட்ட வீடு வரைக்கும் யாருடைய லைன் வருகிறது என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். டவுனில் நின்று பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். கடைக்காரர் தன்னிடம் இருக்கும் சிம்மைத்தான் உசத்தி என்பார். மரத்துக்குள்ளே, மேட்டுக்குப் பின்னால் போனால்தான் வண்டவாளம் தெரியும்.

அதற்கு ஒரு வழி உண்டு. ஊர் சிம் உள்ளே இருக்கும்போதே செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போய், நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுப்பதை அணைத்துவிடுங்கள். போன் சிறிது நேரம் தேடிவிட்டு, அந்த இடத்துக்கு எட்டும் கம்பெனிகளை வரிசையாகக் காட்டும்: மேக்சிஸ், செல்காம், டிஜி, யூ மொபைல் என்று. பெயருக்குப் பக்கத்தில் 4ஜி என்று இருக்கிறதா, வெறும் 2ஜியா என்று பாருங்கள். இதை ராத்திரி, கதவைச் சாத்திக்கொண்டு, நீங்கள் படுக்கும் இடத்திலேயே செய்யுங்கள். பார்த்து முடித்ததும் பழையபடி தானியங்கிக்கு மாற்றிவிடுங்கள். அடுத்த வீட்டு அக்காவைக் கேட்டாலும் ஒரே வரியில் சொல்லிவிடுவார். செல்காமும் டிஜியும் 2022 கடைசியில் ஒன்றாகிவிட்டன. மலிவாகக் கிடைக்கும் டியூன் டாக், ரெட்ஒன் சிம்கள் இரண்டுக்கும் சொந்த டவர் இல்லை, செல்காம்-டிஜி டவரில்தான் ஓடுகின்றன.

இன்னொரு விஷயம். இங்கே 3ஜியை 2021 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். அதனால் வோல்ட்இ (4ஜியிலேயே போன் பேசும் வசதி) இல்லாமல் பேசினால் போன் நேராக 2ஜிக்கு இறங்கும். பேசும்போது மேலே 4ஜி மறைந்து 'E' என்று வந்து, வாட்ஸ்அப் நின்றுபோனால் காரணம் இதுதான். செட்டிங்ஸில் வோல்ட்இ அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள். இந்தியாவில் வாங்கிய சில போன்களில் இங்குள்ள கம்பெனிக்கான வோல்ட்இ அமைப்பு இருக்காது. அப்போது சாஃப்ட்வேரைப் புதுப்பித்துப் பாருங்கள், இல்லாவிட்டால் வேறு கம்பெனி சிம்மைப் போட்டுப் பாருங்கள். 2008 முதல் நம்பரை வைத்துக்கொண்டே கம்பெனி மாறும் வசதி இருக்கிறது.

சிம் வாங்க நீங்களே பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். வேறொருவர் பெயரில் பதிந்த சிம்மை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், நாளைக்கு நம்பர் நின்றால் கேட்க வழியில்லை. பாஸ்போர்ட் முதலாளி பெட்டியில் இருக்கிறதா? அடுத்தவர் பாஸ்போர்ட்டை அப்படிப் பிடித்து வைப்பது 1966 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பக்குவமாகக் கேட்டு வாங்குங்கள், ஆனால் கேளுங்கள்.

கொஞ்ச நாளில் பழைய ஐபோன் ஆசை வரும், எல்லாருக்கும் வருகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பூட்டிய போன்களில், சிம்முக்கு அடியில் மெல்லிய சில்லு ஒன்றைச் செருகி விற்பவர்கள் உண்டு. ஒரு அப்டேட் வந்தால் லைன் போய்விடும். காசு கொடுப்பதற்கு முன்னால் சிம் தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள். அப்புறம் செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் போனால் கேரியர் லாக் என்று ஒரு வரி இருக்கும். அதில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று காட்டினால்தான் வாங்கலாம்.

ஊர் சிம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். இரண்டாவது சிம் இடத்தில் போட்டு, ரோமிங் (வெளிநாட்டிலும் ஊர் சிம் வேலை செய்யும் வசதி) இயங்குகிறதா என்று கம்பெனி ஆப்பில் பார்த்து, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். காலாவதி ஆகாமல் ரீசார்ஜும் செய்துகொண்டிருக்க வேண்டும். வாட்ஸ்அப் நம்பரை மாற்றத் தேவையில்லை, பழைய நம்பரிலேயே ஓடும்.