பசியே வராதவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது

கேள்வி: என் கணவருக்கு இரைப்பையில் கேன்சர். இரைப்பை முழுவதையும் எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து 7 வாரம் ஆகிறது. நன்றாகத் தேறுகிறார் என்கிறார் டாக்டர். வீட்டிலோ நடக்கக் கூப்பிட்டால் சலித்துக்கொள்கிறார், தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புகிறார், என் மேல் எரிந்து விழுகிறார். நான் என்னதான் செய்வது?

பதில்:

7 வாரம் என்பது இந்த ஆபரேஷனுக்கு ரொம்பக் குறைந்த காலம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதே ஏழாவது வாரத்தில் நானும் ராத்திரி வாசலில் உட்கார்ந்து, "நல்லபடியா முடிஞ்சதுன்னுதானே சொன்னாங்க, அப்புறம் ஏன் இப்படி இருக்கா" என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவிக்கு 2022 மார்ச்சில் இதே ஆபரேஷன் நடந்தது. அப்போது அவளுக்கு 44 வயது. நாங்கள் இருப்பது திண்டுக்கல். நான் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன், அவள் வீட்டிலேயே தையல். கேஸ் ட்ரபிள் என்று நினைத்து ஆறு மாதம் ஜெலுசில் குடித்துக்கொண்டிருந்தாள். ரத்தம் ஏன் இவ்வளவு குறைகிறது என்று பார்க்கப் போய்த்தான் எண்டோஸ்கோப்பியில் தெரிந்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக 4 கீமோ, பிறகு மதுரையில் ஆபரேஷன். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரைப்பையை எடுத்துவிட்டு, சிறுகுடலை மேலே இழுத்து உணவுக்குழாயோடு சேர்த்துத் தைத்தார்கள். இடது விலாவுக்குக் கீழே, நேராகச் சிறுகுடலுக்குள் போகும்படி ஒரு ஃபீடிங் டியூப். 12 நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம்.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அங்கே எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தார்கள். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து உள்ள கருவியை உறிஞ்ச வைப்பது, மறுநாளே எழுப்பி வராந்தாவில் நடத்துவது, தையல் கசிகிறதா என்று மருந்து குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுப்பது, எல்லாம் அவர்கள் பொறுப்பு. வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது.

அந்தப் பயத்தில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. நீங்கள் அதைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஒரு கணக்கு நோட்டு போட்டேன். காலை எத்தனை ஸ்பூன் கஞ்சி, எத்தனை மில்லி தண்ணீர், பாதி இட்லியா கால் இட்லியா, எல்லாம் எழுதினேன். தினமும் விடிந்ததும் எடை பார்க்கச் சொன்னேன். ஆபரேஷன் அன்று 58 கிலோ இருந்தவள் 53, 52 என்று இறங்கிக்கொண்டிருந்தாள். அந்த எண்ணைப் பார்க்கிற ஒவ்வொரு காலையும் என் முகம் எப்படி மாறியது என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரில் நாற்காலி போட்டு உட்காருவேன். "இன்னும் ஒரு வாய், எனக்காக ஒரு வாய்" என்பேன். அன்பு என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டில் அன்பைக் காட்ட அதைத் தவிர வேறு வழி தெரியாது. என் அம்மாவும் அப்படித்தான், அவள் அம்மாவும் அப்படித்தான்.

ஒரு நாள் பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் செய்தித்தாளில் மடித்த பொட்டலம் ஒன்று கிடந்தது. பிரித்தால் இட்லித் துண்டுகள். நான் குழம்பு எடுக்க உள்ளே போன நேரத்தில் மடியில் மறைத்துவைத்து, அப்புறம் காக்காய்க்குப் போட்டிருக்கிறாள். கேட்டேன். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "சாப்பிட முடியலைங்க. முடியலைன்னு சொன்னா உங்க முகம் போற போக்கப் பாக்க முடியலை" என்றாள்.

வயிற்றில் அவ்வளவு பெரிய தழும்போடு, அவள் என் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

அடுத்த முறை மதுரை போனபோது டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் சொன்னதில் ஒரு விஷயம் என் பார்வையையே மாற்றிவிட்டது. பசியைத் தூண்டுகிற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையில்தான் சுரக்கிறது. அதன் பெயர் கிரெலின். இரைப்பையை எடுத்துவிட்டால் அது வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே பலருக்குப் பசி என்ற உணர்வே வருவதில்லை. நான் சமைத்தது பிடிக்காமலோ, வாழ வேண்டும் என்ற ஆசை இல்லாமலோ அவள் தட்டைத் தள்ளவில்லை. பசி எடுக்காமல், வயிறு நிறைந்த ஒருவர் மறுபடியும் இலைக்கு முன்னால் உட்கார வேண்டியிருந்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு நாளைக்கு ஏழு தடவை. உங்கள் கணவரிடம் சாப்பாடு இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். என் மனைவி, "அது ஒரு வேலை மாதிரி இருக்கு" என்றாள்.

இன்னொன்றையும் அவர் விளக்கினார். அந்தச் சித்திரை முதல் நாள் மாமியார் ஆசையாகப் பால் பாயசம் வைத்தார். ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம். அரை டம்ளர் குடித்தாள். இருபது நிமிடத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, முகமெல்லாம் வேர்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். மாரடைப்பு என்றே நினைத்தேன். நான் என்ன வியாபாரம் என்று தெரிந்துதான் டாக்டர் சொன்னார் போலிருக்கிறது: மாடித் தொட்டியும் வால்வும் போய்விட்டன, மோட்டார் தண்ணீர் நேராகக் குழாய்க்கு வருகிறது. இரைப்பை உணவைத் தேக்கிவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு விடும். அது இல்லாதபோது சர்க்கரை மொத்தமாகக் குடலில் போய் இறங்குகிறது, குடல் உடம்பிலிருந்து தண்ணீரை உள்ளே இழுக்கிறது. அதனால்தான் அந்தப் படபடப்பு. இதை டம்பிங் என்கிறார்கள். சில நேரம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் வரும். அப்போது ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிக் கை நடுங்கும், கண் இருட்டும். இது தெரியாமல், பார்க்க வருகிறவர்கள் வாங்கிவரும் ஜூஸையும் குளுக்கோஸையும் தெம்புக்கு நல்லது என்று கொடுத்துக்கொண்டிருந்தோம். உங்கள் வீட்டிலும் அப்படி நடக்கிறதா என்று பாருங்கள்.

அதற்குப் பிறகு எங்களுக்குச் சரிப்பட்டு வந்த முறையைச் சொல்கிறேன். உங்கள் டயட்டீசியன் வேறு மாதிரி சொன்னால் அதையே கேளுங்கள். ஒரு நாளைக்கு ஆறு, ஏழு வேளை, ஒவ்வொன்றும் ஒரு கிண்ணத்துக்கு மேல் போகாது. தண்ணீர், மோர் எல்லாம் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் அல்லது அரை மணி பின்னால். தட்டில் முதலில் முட்டையோ மீனோ பனீரோ, பிறகுதான் சோறு. இட்லியைவிடச் சின்ன தோசை அவளுக்குச் சுலபமாக இறங்கியது. சாப்பிட்ட உடனே படுக்கக் கூடாது. சமமாகப் படுத்தால் பித்தம் மேலே ஏறித் தொண்டை எரியும். அதனால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினேன். பி12 ஊசியை மறக்கவே கூடாது. இரைப்பை இல்லாதவர்களுக்கு உணவிலிருந்து அந்தச் சத்து உடம்பில் சேராது, ஆயுள் முழுக்க வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். அவள் மாதம் ஒன்று போட்டுக்கொள்கிறாள்.

நோட்டை அவளிடமே கொடுத்துவிட்டேன். எடை வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை மட்டும். அவளே பார்ப்பாள், இஷ்டமிருந்தால் சொல்வாள். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டேன். பதினோரு மணிக்குக் கடையிலிருந்து வந்து, நானும் ஒரு சின்னத் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கடையில் யார் வந்தார்கள், பிவிசி பைப் விலை எவ்வளவு ஏறியது, பையன் பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிறானா என்று பேசுவோம். தட்டைப் பற்றிப் பேச மாட்டேன். அவள் கால் தோசை தின்றாலும் அரை தோசை தின்றாலும் பேச்சு மாறாது. எனக்கு இது மிகவும் கஷ்டமாக இருந்தது. வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன். சில வாரங்களில் அவளே, "இன்னும் கொஞ்சம் வைங்க" என்றாள். உங்கள் வீட்டிலும் அப்படியே நடக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் தினம் ஏழு முறை நடந்துகொண்டிருந்த சண்டை நின்றது.

எரிந்து விழுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர் நாள் முழுக்க மற்றவர்கள் முன்னால் தைரியசாலியாக இருக்க வேண்டியிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம், "ஐயோ இப்படி இளைச்சுட்டியே" என்று வாசலிலேயே ஆரம்பிப்பார்கள். அடக்கிவைத்தது உங்களிடம்தான் வெளியே வரும். அதற்காக எல்லாவற்றையும் நீங்கள் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்ல மாட்டேன். நான் ஒரு முறை, "இது எனக்கு வலிக்குது" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். சாயந்திரம் அவளே பேசினாள். வருகிறவர்களுக்கு மாலை 5 முதல் 6 வரை என்று சொல்லிவைத்தேன். சில சொந்தக்காரர்களுக்கு வருத்தம்தான். இருக்கட்டும். அதே நேரம், எரிச்சல் வாரக்கணக்கில் குறையாமல், எதிலும் ஒட்டாமல், தூக்கமும் இல்லாமல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கும் மருந்து உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டியூப் இன்னும் இருக்கிறதா? எங்களுக்கு ஆறாவது வாரம் ராத்திரி பதினொன்றரை மணிக்கு அது கழன்று வந்துவிட்டது. பிளாஸ்டர் வியர்வையில் விட்டுப்போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்தத் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கி மூட ஆரம்பித்துவிடும், காலையில் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது. சுத்தமான துணியை வைத்து அழுத்திக்கொண்டு தம்பியின் காரில் அப்போதே மதுரைக்கு ஓடினோம். அதே துளை வழியாக வேறு டியூப் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு முறை திரவம் ஏற்றும் முன்னும் பின்னும் வெதுவெதுப்பான தண்ணீர் 30 மில்லி சிரிஞ்சில் விட்டால் அடைப்பு வராது. டியூப் போக, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சு வாங்குவது, நிற்காத வாந்தி, கறுப்பு மலம், இவற்றில் எது வந்தாலும் உடனே கிளம்ப வேண்டும்.

அடுத்து மிச்சக் கீமோ வரப்போகிறது என்றால், தேறி வந்த உடம்பு மறுபடி கீழே இறங்கும். அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். எங்களுக்கு மே மாதம் ஆரம்பித்தது, அக்னி நட்சத்திரம். அந்த மருந்துகளில் ஒன்றுக்குக் குளிர்ச்சியே ஆகாது. திண்டுக்கல் வெயிலில் பானைத் தண்ணீரைக்கூடத் தொட முடியாமல் வெந்நீர் குடித்தாள். விரல் நுனி மரத்துப்போய் ஊசியில் நூல் கோக்க வரவில்லை. ஆபரேஷனுக்குக்கூட அழாதவள் அதற்கு அழுதாள். பாக்கி இருந்த நான்கில் மூன்றோடு டாக்டர் நிறுத்திவிட்டார். ஒன்று குறைந்துவிட்டதே என்று நான் பதறினேன். எல்லோராலும் முழுவதையும் முடிக்க முடிவதில்லை, உடம்பு தாங்குவதைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். 47 கிலோவில் எடை நின்றது. அதற்குப் பிறகு இறங்கவில்லை.

செலவு விஷயத்தில் ஒன்று. சிகிச்சைக்கும் செக்கப்புக்கும் ரயிலில் போகும் கேன்சர் நோயாளிகளுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் இலவசம், கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் சலுகை. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு இது ஐந்தாவது தடவைதான் தெரிந்தது.

உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் செய்தது இவ்வளவுதான்: கொழுந்தியாள் செவ்வாயும் வெள்ளியும் வந்து அவளைக் குளிப்பாட்டிவிடுவாள், அந்த இரண்டு மணி நேரம் நான் கடை மாடியில் போய்த் தூங்கினேன். யாராவது, "என்ன உதவி வேணும்" என்று கேட்டால், "ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லாமல் ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

இப்போது அவள் 51 கிலோ. ஆபரேஷனுக்கு முந்தைய எடை திரும்பவில்லை. பசி இன்றைக்கும் வருவதில்லை, போனில் அலாரம் வைத்துச் சாப்பிடுகிறாள். மிஷினில் உட்கார ஏழு மாதம் ஆனது. முதலில் ஒரு தலையணை உறை, அதற்கே அன்று முழுக்கப் படுத்திருந்தாள். ஒன்றரை வருடம் கழித்துத்தான் ரவிக்கை தைக்க ஆர்டர் எடுத்தாள்.

இதை அனுப்புவதற்கு முன்னால் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். காக்காய்க்கு இட்லி போட்டதை எழுதியிருக்க வேண்டாம் என்றாள், பிறகு இருக்கட்டும் என்றாள். உங்களுக்குச் சொல்லச் சொன்னது இது: "தலைமாட்ட உசத்திப் படுத்தா ராத்திரி பூரா கீழ சறுக்கிக்கிட்டே இருக்கும், தையல் இழுக்கும். முட்டிக்கு அடியில ஒரு தலையணை வச்சுவிடச் சொல்லுங்க. எனக்கு அப்படி இழுத்தப்ப, உங்களை எழுப்ப வேண்டாம்னு ரெண்டு மாசம் சொல்லாமலே இருந்தேன்."